டி.ஆர்.பி. மீட்டரில் தாமிரபரணி தெரியுமா?



ராத்திரி எட்டு மணி நியூஸ் பார்க்கிறோம். டெல்லியில் என்ன நடந்தது, சென்னையில் எந்தத் தலைவர் யாரைத் திட்டினார் என்பதெல்லாம் உடனுக்குடன் தெரிந்துவிடுகிறது. ஆனால் பாபநாசம் அணையில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர், ஜங்ஷன் பக்கம் ரோடு ஏன் மறித்துக் கிடக்கிறது, நாளைக்கு நம்ம ஏரியாவில் கரண்ட் உண்டா இல்லையா என்பது மட்டும் அதில் வராது. வந்தாலும் திரையின் அடியில் ஓடுகிற எழுத்தில் ஒரே ஒரு வரி! "ஏலே, நம்ம ஊருன்னா இவங்களுக்கு அவ்வளவு இளக்காரமா?" என்று ஹாஸ்டலில் நாம் கேட்பது வழக்கம்.

இளக்காரம் என்று சொல்வதைவிட, கணக்கு என்று சொல்வதே சரி. அந்தக் கணக்கின் பெயர் டி.ஆர்.பி. ஒரு நியூஸ் சேனலில் எத்தனை பேர் வேலை பார்க்கலாம், அவர்கள் எந்த ஊரில் நிற்கலாம் என்பதை முடிவு செய்வது அதுதான். அந்த மீட்டர் எப்படி வேலை செய்கிறது, அதில் நம்ம தாமிரபரணிக் கரை எங்கே இருக்கிறது என்று பார்ப்போமா?

ஒரு நிமிஷ நியூஸுக்கு எத்தனை பேர்?

இம்ப்ளாண்ட் டிரெயினிங்குக்காக நம்ம பக்கத்து லோக்கல் கேபிள் சேனல் ஒன்றில் சில நாட்கள் இருந்தேன். அப்போது போட்ட கணக்கு இது. சம்பவ இடத்துக்குப் போக ஒரு நிருபர். படம் எடுக்க ஒரு காமிராமேன். எழுதித் திருத்த ஒரு உதவி ஆசிரியர். படத்தை வெட்டி ஒட்ட ஒரு எடிட்டர். வாசிக்க ஒருவர். கண்ட்ரோல் ரூமில் ஸ்விட்சர், ஆடியோ மிக்சர், என்கோடர் எல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு டெக்னீஷியன். ஆக, ஆறு போஸ்ட்.

இனி நம்ம இண்டஸ்ட்ரியல் மேனேஜ்மென்ட் பேப்பரை எடுங்கள். ஒரு ஆள் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும் ஓட்டினால் ஒரு போஸ்டுக்கு 56 மணி நேரம். 56-ஐ 48-ஆல் வகுத்தால் சுமார் 1.17. ஆறு போஸ்டுக்கு ஏழு பேர் வேண்டும். அதையே 24 மணி நேரமும் நடத்தினால் ஒரு போஸ்டுக்கு 168 மணி நேரம், அதாவது 3.5 பேர். ஆறு போஸ்டுக்கு 21 பேர்! காய்ச்சல், கல்யாணம், தீபாவளி லீவு எல்லாம் இதில் சேரவில்லை. இதுவும் ஒரே ஒரு நிருபரை வைத்துப் போட்ட கணக்குதான். நம்ம ஆறோ பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும் வரை சுமார் 125 கிலோ மீட்டர் ஓடுகிறது. ஒரு பைக், ஒரு காமிரா வைத்துக்கொண்டு இந்த நீளத்தை யார் சுற்றி வருவது?

நடைமுறை வேறு மாதிரி. நான் பார்த்த இடத்தில் காமிரா பிடிக்கிறவரே எடிட்டிங்கும் செய்தார். விளம்பரம் வாங்கப் போகிறவரே வரும் வழியில் நிருபர் ஆகிவிடுவார். சாமர்த்தியம்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கு. காலையில் விளம்பரம் கேட்டுப் போன கடையின் முன்னால் சாக்கடை அடைத்துக் கிடந்தால், சாயங்காலம் அதே ஆள் அதை நியூஸாகப் போடுவாரா? போட மாட்டார். ஆள் குறைந்தால் நியூஸின் அளவு மட்டுமா குறைகிறது? நியூஸின் முதுகெலும்பும் சேர்ந்தே வளைகிறது.

சென்னையில் இருக்கிற பெரிய சாட்டிலைட் சேனல்களின் கதை என்ன? மாவட்டத்துக்கு ஒரு நிருபர், ஒரு காமிராமேன் வைத்திருந்தாலே பெரிய விஷயம். பல இடங்களில் தாலுகா அளவில் இருப்பவர்கள் பகுதிநேர நிருபர்கள். மாதச் சம்பளம் கிடையாது. செய்தி ஒளிபரப்பானால்தான் காசு. அப்படியானால் அவர் எதைத் தேடிப் போவார்? மந்திரி வருகை, கொலை, விபத்து, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர். இவை சென்னை டெஸ்க்கில் கட்டாயம் எடுபடும். கால்வாய் மடை உடைந்த செய்தியை எடுத்து அனுப்பிவிட்டு, அது ஒளிபரப்பாகவில்லை என்றால் பெட்ரோல் காசும் கையை விட்டுப் போகும்.

மீட்டர் எங்கே இருக்கிறது?

சம்பளம் விளம்பரத்திலிருந்து வருகிறது. விளம்பரம் ரேட்டிங்கைப் பார்த்து வருகிறது. ரேட்டிங் எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டில் 1998-லிருந்து 'டாம்' என்ற நிறுவனம் டி.வி. பார்ப்பவர்களை அளந்து வந்தது. அதனிடம் இருந்தது சுமார் 8,000 மீட்டர்கள்தான். அவையும் நகரங்களில் மட்டும். கிராமத்தில் டி.வி. பார்ப்பவர்கள் கணக்கிலேயே இல்லை! பிறகு சேனல்காரர்கள், விளம்பரம் தருகிறவர்கள், விளம்பர ஏஜென்சிகள் மூவரும் சேர்ந்து 2010-ல் 'பார்க்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அது 2015 ஏப்ரலில் ரேட்டிங் வெளியிடத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் கிராமங்களையும் சேர்த்துக்கொண்டது.

இதன் தொழில்நுட்பம் நமக்குப் பிடித்தமானது. ஒவ்வொரு சேனலும் தன் ஆடியோவில் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைப் பதிக்கிறது. இதற்கு வாட்டர்மார்க் என்று பெயர். ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு படம் தெரிகிறதே, அந்த மாதிரி. தேர்ந்தெடுத்த வீடுகளில் டி.வி.யோடு ஒரு மீட்டர் வைத்திருப்பார்கள். அது ஒலியைக் கேட்டுக் குறியீட்டைப் பிரித்து, எந்த சேனல் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும். வீட்டில் அப்பாவுக்கு ஒரு பட்டன், அம்மாவுக்கு ஒரு பட்டன், பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பட்டன். பார்க்க உட்காரும்போது அவரவர் பட்டனை அமுக்க வேண்டும். சேர்ந்த தகவல் சிம் கார்டு வழியாகப் போய்ச் சேருகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். வாட்டர்மார்க் பதிக்காத சேனலை எத்தனை வீட்டில் பார்த்தாலும் மீட்டருக்கு அதன் பெயர் தெரியாது. நம்ம லோக்கல் கேபிள் சேனல்களின் நிலை இதுதான்.

நூறு வீட்டுக் கணக்கு

2025-ல் மத்திய அரசு சொன்ன கணக்குப்படி நாட்டில் டி.வி. உள்ள வீடுகள் சுமார் 23 கோடி. மீட்டர் உள்ள வீடுகள் சுமார் 58,000. அதாவது ஏறத்தாழ 4,000 வீட்டுக்கு ஒரு மீட்டர்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சாம்பிள் எடுப்பதில் தப்பே இல்லை. நாடு முழுக்க 58,000 என்பது நல்ல சாம்பிள்தான். ஆனால் பானை சின்னதாகச் சின்னதாக என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு மாவட்டத்தில் 4 லட்சம் டி.வி. வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே விகிதத்தில் 100 மீட்டர் கிடைக்கும். அதில் 10 வீட்டில் ஒரு சேனலைப் பார்த்தால் அதன் அளவு 10 சதவீதம். இதில் எவ்வளவு பிழை வரும்? 0.1-ஐ 0.9-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 0.03 வரும். இரண்டு மடங்கு எடுத்தால் 6 சதவீதம். ஆக, உண்மை அளவு 4 முதல் 16 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்! நம்ம பாஷையில் சொன்னால், சிக்னலை நாய்ஸ் விழுங்கிவிட்டது. மீட்டர் வைத்த ஒரு வீட்டுக்காரர் குடும்பத்தோடு திருச்செந்தூருக்குப் போய்விட்டால் ஒரு பாயிண்ட் காலி.

இதனால்தான் பார்க் அமைப்பு மாவட்டம் மாவட்டமாக ரேட்டிங் போடுவதில்லை. தமிழ்நாட்டையும் புதுச்சேரியையும் சேர்த்து ஒரே சந்தையாக வைத்திருக்கிறது. அந்தப் பெரிய பானைக்குள் நெல்லை எங்கே கரைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு சேனல் இங்கே இன்னும் மூன்று நிருபர்களைப் போட்டு நம்ம ஊர் செய்தியைப் பிரமாதமாகத் தந்தாலும், அதன் பலன் ரேட்டிங்கில் தனியாகத் தெரியாது. செலவு தெரியும், வரவு தெரியாது என்றால் எந்த முதலாளி ஆள் போடுவார்?

மீட்டர் குறைவாக இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலே சொன்ன நூறு வீட்டில் ஐந்து வீட்டைக் கைக்குள் போட்டுக்கொண்டால் 10 என்பது 15 ஆகிவிடும்! 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் பதிவு செய்த வழக்கு இது சம்பந்தமானதுதான். மீட்டர் வீட்டுக்காரர்களுக்குப் பணம் கொடுத்துச் சில சேனல்களை ஓட விட்டார்கள் என்று புகார். அந்த மாதமே நியூஸ் சேனல்களின் ரேட்டிங் நிறுத்தி வைக்கப்பட்டது. 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. வழக்கைத் திரும்பப் பெற 2024-ல் கோர்ட் அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் சுமார் பதினேழு மாதம் நாட்டில் எந்த நியூஸ் சேனலுக்கும் மார்க்கே இல்லாமல் இருந்தது நிஜம்.

லோக்கல் சேனல் பிழைப்பது எப்படி?

மீட்டர் இல்லாத லோக்கல் சேனல் எதை வைத்து விளம்பரம் கேட்கும்? டிரெயினிங்கில் கண்ட்ரோல் ரூம் அண்ணாச்சியிடம் இதைத்தான் கேட்டேன். "தம்பி, நம்மளுக்கு டி.ஆர்.பி. எல்லாம் போன்தான்வே. நியூஸ் அஞ்சு நிமிஷம் லேட்டானா எத்தனை பேரு போன் போட்டு 'என்னாச்சு'ன்னு கேக்காம்னு பாரும். அல்வாக் கடைக்காரரு விளம்பரம் போட்ட மறுநாளு, 'டி.வி.யில பாத்தேன்'னு நாலு பேரு வந்து சொன்னா அடுத்த மாசமும் குடுப்பாரு. அம்புட்டுதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த மனிதர் சொன்னதும் ஒரு சாம்பிள் சர்வேதான்!

ஆனால் அந்த வரும்படியும் சுருங்கி வருகிறது. முன்பு தெருவுக்குத் தெரு கேபிள்தான். வி.சி.ஆரில் படம் போட்டுக்கொண்டிருந்த ஆபரேட்டர்கள் உள்ளூர் திருவிழாவையும், பிறகு உள்ளூர் செய்தியையும் ஒளிபரப்பத் தொடங்கினார்கள். இப்போது மொட்டை மாடியில் டி.டி.எச். தட்டு வைத்த வீட்டில் உள்ளூர் கேபிள் சேனல் வராது. இளவட்டங்கள் செல்போனில் பார்க்கிறார்கள். சேனல்காரர்களும் யூடியூபில் ஏற்றுகிறார்கள். அங்கே எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் உடனே தெரியும். ஆனால் பார்த்தவர் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாரா, அபுதாபியில் இருக்கிறாரா என்பது அல்வாக் கடைக்காரருக்கு முக்கியமாச்சே! பார்வை எண்ணிக்கையைக் கூட்டவேண்டும் என்றால் மறுபடி விபத்தும் அடிதடியும்தான் கை கொடுக்கிறது.

அரசாங்க விதிமுறையும் வந்திருக்கிறது. கேபிள் கம்பெனிகள் சொந்தமாக நடத்தும் சேனல்களுக்கு 2022 நவம்பர் 30-ம் தேதி மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது. இவற்றுக்குப் 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்' என்று பெயர். ஒரு சேனலுக்குப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். ஆபரேட்டர் தருகிற மொத்தச் சேனல்களின் கொள்ளளவில் 5 சதவீதத்துக்கு மேல் இவை போகக்கூடாது. அதற்கு மேல் மாவட்டத்துக்கு இரண்டு சேனல் கூடுதலாக நடத்தலாம். உள்ளூர் செய்தி தருவதானால் கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒளிபரப்பியதை 90 நாள் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். பொறுப்பு வேண்டும் என்பது நியாயமே. மாவட்டச் செய்திக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்ததும் நல்லதே. ஆனால் அந்த இடத்தில் உட்கார ஆள் போடப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு நெறிமுறையில் பதில் இல்லை.

அரசு ஒளிபரப்பு ரேட்டிங்கை நம்பி நடப்பதில்லை. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-லிருந்து இருக்கிறது. தூர்தர்ஷனின் தமிழ் சேனலுக்கு 2024 ஜனவரி வரை 'பொதிகை' என்றே பெயர். பெயர் நம்ம மலை, ஸ்டூடியோ சென்னை! அங்கிருந்து நம்ம ஊர் 600 கிலோ மீட்டருக்கு மேல்.

2023 டிசம்பர் சொன்ன பாடம்

"உள்ளூர் நியூஸ் இல்லாட்டி என்ன குடியா முழுகிப் போகும்?" என்று சிலர் கேட்கலாம். முழுகித்தான் போனது நண்பர்களே!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டி மீட்டர் மழை. ஆற்றில் வெள்ளம் புரண்டது. ஜங்ஷன் பகுதி, சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீருக்குள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடும் இல்லை.

ஆறு ஒன்று, ஆனால் நிர்வாகம் இரண்டு. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமானதிலிருந்து பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் திருநெல்வேலி மாவட்டத்தில். ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் தூத்துக்குடி மாவட்டத்தில். மேலே திறக்கிற தண்ணீர் கீழே போய்ச் சேர நேரம் ஆகும். அந்த நேரம்தான் கீழே இருப்பவர்களுக்குக் கிடைக்கிற அவகாசம். மேலே அணைப் பக்கம் ஒரு நிருபர், நடுவில் கொக்கிரகுளம் பாலத்தில் ஒருவர், கீழே மருதூர் அணைக்கட்டில் ஒருவர் நின்று மணிக்கு மணி சொன்னால், பாட்டியையும் மாட்டையும் மேட்டுக்குக் கொண்டு போக வழி உண்டு. அணையின் அடிக்கணக்கைச் சொன்னால் போதாது. "இந்த அளவு வந்தால் உங்கள் தெருவில் முழங்கால் ஆழம்" என்று சொல்லத் தெருவைத் தெரிந்த ஆள் வேண்டும். சென்னை ஸ்டூடியோவில் எவ்வளவு பெரிய திரை வைத்தாலும் அது வராது.

இப்போது மீட்டருக்கு வாருங்கள். கரண்ட் போன வீட்டில் டி.வி. ஓடாது. டி.வி. ஓடாத வீட்டில் மீட்டர் எதையும் பதியாது. அதாவது, செய்தி உயிரைக் காப்பாற்றுகிற அந்த நாளில், வெள்ளத்தில் மாட்டிய வீட்டின் ரேட்டிங் பூஜ்யம்! போதாததற்கு, 2022-ல் ரேட்டிங் மறுபடி தொடங்கியபோது நியூஸ் சேனல்களுக்கு நாலு வாரச் சராசரியாகத் தருவது என்று ஏற்பாடு. தில்லுமுல்லைக் குறைக்க நல்ல வழிதான். ஆனால் வெள்ளம் வந்தது ஒரு வாரம். சராசரி நாலு வாரம். நம்ம கஷ்டம் அந்தச் சராசரியில் நீர்த்துப் போகும்.

என் முடிவு இதுதான். டி.ஆர்.பி. என்பது விளம்பரம் விற்பதற்காகச் செய்த தராசு. அரிசி நிறுக்கிற தராசில் மருந்தை நிறுத்து, "எடையே இல்லையே, எதுக்கு வாங்கணும்?" என்று கேட்பது போலத்தான் அதை வைத்து உள்ளூர் செய்தியாளர் வேலையை முடிவு செய்வது.

ஊருக்கு ஊர் மீட்டர் வைத்தால் சரியாகிவிடுமா?

அதையும் அமெரிக்காவில் பார்த்தாயிற்று. அங்கே நாட்டை 210 டி.வி. சந்தைகளாகப் பிரித்து, ஊர் ஊராக ரேட்டிங் எடுக்கிறார்கள். உள்ளூர் ஸ்டேஷன்கள் நூற்றுக்கணக்கில் உள்ளூர் செய்தி தருகின்றன. நல்ல விஷயம். ஆனால் வெகுகாலமாக, பிப்ரவரி, மே, ஜூலை, நவம்பர் மாதங்களில் எடுக்கும் அளவே முக்கியம் என்று இருந்தது. அந்த மாதங்கள் வந்தால் பரபரப்புச் செய்திகளை அள்ளி விடுவார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் புத்தகம் திறக்கிற நம்மைப் போல! எண்ணப்படுவது முக்கியம்தான், எண்ணிக்கையை மட்டும் நம்பினால் அங்கேயும் கோளாறுதான்.

பின்னே என்னதான் வழி? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒன்று, விளம்பரம் வாங்குகிறவரும் செய்தி சேகரிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. சின்னச் சேனல் ஆனாலும் இந்த ஒரு போஸ்டைப் பிரித்தே ஆகவேண்டும். இரண்டு, ஆற்றங்கரையில் இருக்கும் சேனல்கள் போட்டியை ஓரம் கட்டிவிட்டு, அணை, மழை, வெள்ளச் செய்திகளையாவது மாவட்ட எல்லை பார்க்காமல் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு நிருபர் இருந்தாலும் ஐந்து சேனல் சேர்ந்தால் ஐந்து இடத்தில் கண் இருக்கும். மூன்று, பேரிடர் நாளில் செய்தி தருவதை மக்கள் சேவையாகக் கருதி, அதற்கென்று ஜெனரேட்டர், பேட்டரி, நிருபருக்கு இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கு அரசு உதவலாம். உதவி தருவதால் செய்தியில் கை வைக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நான்காவது நம்ம பங்கு. ஈ.சி.ஈ. படித்த ஒருவர் ஒரு என்கோடர், ஒரு யு.பி.எஸ்., ஒரு ஒயர்லெஸ் லிங்க் ஆகியவற்றை ஒழுங்காகப் பராமரித்தாலே சின்னச் சேனலில் இரண்டு ஆள் வேலை மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு நிருபரைப் போடலாம். சிவில் நண்பர்கள் எந்த மட்டத்தில் எந்தத் தெரு முங்கும் என்று லெவல் எடுத்துத் தரலாம். கம்ப்யூட்டர் நண்பர்கள் அதைத் திரையில் வரைபடமாக்கலாம். டிப்ளமோ முடித்ததும் சென்னைக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் ஊரில் இருக்கிற கண்ட்ரோல் ரூமையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். சம்பளம் பெரிதாக இருக்காது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அடுத்த மழைக்காலத்தில் ஏரலில் ஒரு குடும்பம் ராத்திரியில் எழுந்து மேட்டுக்குப் போனால், அதை எந்த மீட்டரும் காட்டாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும்.

— மூன்றாம் ஆண்டு, ஈ.சி.ஈ.